பாப்பாவுக்கு, அந்த ஆடியோ விஷயமாக

ஆரணி

அன்புள்ள பாப்பா,

குடும்பக் குரூப்பில் நீ போட்ட பிள்ளை பிடிக்கும் கும்பல் ஆடியோவைக் கேட்டேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்திருப்பவளுக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் இன்னொரு தரம் கேட்டுப் பார். பேசுகிறவன் பேரைச் சொல்லவில்லை. எந்த ஸ்டேஷன், என்றைக்கு நடந்தது, ஒன்றும் கிடையாது. "நம்ம ஏரியாவில்" என்கிறான். மதுரையில் கேட்டால் மதுரை, மைசூரில் கேட்டால் மைசூர். மேலே இரட்டை அம்புக்குறி வேறு இருக்கிறது. பல கை மாறி வந்தது என்று அர்த்தம்.

2018 மே மாதம் நம் மாவட்டம் ஆடிப்போயிருந்தது உனக்கு நினைவிருக்கும். போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தை ஊரே சூழ்ந்து அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் செத்தே போனார். தெருவில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். அதே மாதம் நீ இருக்கும் பெங்களூரிலும், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞனை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள்.

அப்போது ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் பையன்கள் விளையாடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் சிசிடிவி மாதிரியே இருக்கும். அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுசாகப் பார்த்தால் அதே பைக் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிடும், பிள்ளைகளைக் கவனியுங்கள் என்கிற மாதிரி ஓர் அட்டையும் காட்டுவார்கள். அந்தக் கடைசி நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டினதே போதுமாயிருந்தது.

டிவிக்காரர்களுக்கு வெட்டக்கூட வேண்டாம், ஒரு கேள்விக்குறி போதும். "குழந்தைகளைக் குறிவைக்கிறதா மர்மக் கும்பல்?" என்று போட்டுவிட்டால் பதில் சொல்கிற பொறுப்பு விட்டது. சிவப்புப் பட்டை, திடுக் திடுக்கென்று ஒரு மியூசிக், பத்து நொடிக் காட்சி அரைமணி நேரம் ஓடும். சத்தத்தை அடைத்துவிட்டு எழுத்தை மட்டும் படி. யார் சொன்னது என்று ஒரு வரி தேறுகிறதா பார்.

தெருவிலும் இதற்கு ஆள் உண்டு. கோடி வீட்டுப் பெரியம்மா, "அந்தப் பெண் எவனோடோ ஆட்டோவில் போனதைப் பார்த்தேன்" என்பார். கூட இருந்தது அவள் தம்பி என்பது மட்டும் கதையில் வராது. பார்த்தது பொய்யில்லையே என்று சாதிப்பார் வேறு!

சரி, குரூப்பில் அந்த ஆடியோவை எல்லோருக்குமாக நீக்கிவிடு, இரண்டு நாள் போனால் அந்த வசதி இருக்காது. சித்தி அதற்குள் மகளிர் குழுவுக்கு அனுப்பிவிட்டாளாம். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஸ்கூல் வேன் டிரைவர் நம்பரை வாங்கி வை. நிஜமாகவே ஏதாவது கண்ணில் பட்டால் குரூப்பில் போடாதே, அவசர உதவி எண் 112க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போன் போடு.

அன்புடன்,
அப்பா