மே 1-க்குள் கல்லூரி முடிவு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று இன்டர்லாக்கன் கலைப் பள்ளியிலிருந்து நீ பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. "ஜாஸ் படிக்க எந்தக் கல்லூரி, பாஸ்டனா, டென்டனா, நீங்களே சொல்லுங்கள் அப்பா" என்றாய். எனக்கு வாய் எழவில்லை. இரவெல்லாம் யோசித்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஓபர்லின் கல்லூரியை விட்டுவிடுவோம். ஐந்து ஆண்டில் இசையும் கணிதமுமாக இரண்டு பட்டம் என்று உன்னை விண்ணப்பிக்க வைத்தது என் பயம். ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரும் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும்தானே படித்தார் என்று நம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் உனக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் ஆசைப்பட்டுப் படித்தார். உனக்குக் கணிதத்தில் அந்த ஆசை கிடையாது. அது எனக்கு எப்போதோ தெரியும்.

பாஸ்டனில் உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இசையமைப்பாளர் கன்தர் ஷூலர் 1969-இல் ஜாஸ் துறை தொடங்கிய நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரி அது. நடக்கிற தூரத்தில் வாலிஸ் கஃபே என்ற ஜாஸ் மன்றம். 1947-இல் தொடங்கிய அந்த மன்றத்தின் சின்ன அறையில் மாணவர்கள் வாசிப்பதை நின்றுகொண்டே கேட்டோமே! உன் விரல்கள் என் தோளில் தாளம் போட்டன. அதை மறந்துவிட்டு நான் கணக்குப் பேசவில்லை.

ஆனாலும் கணக்கு இருக்கிறது. அங்கே போனால் நான்கு ஆண்டில் உன் தலையில் 80,000 டாலர் கடன். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் வட்டியோடு மாதம் 900 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். போன கோடையில் அந்த உணவகத்தில் இரவுக்கு 100 டாலர் வாங்கினாய். ஒன்பது இரவு வாசித்தது கடனுக்கே போய்விடும். வாடகை அதற்குப் பிறகு. நல்ல குழு குறைந்த காசுக்குக் கூப்பிடும்போது உன்னால் போக முடியாமல் ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

டெக்சாஸின் டென்டனில் இருக்கும் நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1947-இலேயே ஜாஸுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள், 'நடன இசைக்குழு' என்ற பெயரில். அவர்கள் தரும் உதவித்தொகையால் டெக்சாஸ் மாணவர்களுக்கான குறைந்த கட்டணமே நமக்கும். ஒத்திகை நேரத்தை வைத்துத்தான் அங்கே குழுக்களுக்குப் பெயர் வந்தது. ஒரு மணிக் குழுதான் முதலிடம். முதல் ஆண்டில் உனக்கு ஏழு மணிக் குழு கிடைத்தாலும் வருந்தாதே. எந்தக் குழுவுக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியமான உன் டபுள் பாஸ் வேண்டும், நீ வாசித்துக்கொண்டே இருப்பாய். பெரிய குழுவிலேயே கரைந்துவிடுவேனோ என்ற உன் தயக்கம் நியாயமானது. முதல் ஆண்டு மாணவருக்குச் சிறு குழுவில் வாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று அங்குள்ள பாஸ் ஆசிரியரிடமே கேள். முடிந்தால் அவரிடம் ஒரு பாடமும் கேட்டு வாங்கிக்கொள்.

பாஸ்டனுக்கும் இன்றே எழுது. டென்டன் தருவதை அப்படியே சொல்லி, உதவித்தொகையைக் கூட்ட முடியுமா என்று கேள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடன் பாதியாகக் குறைந்தால் பாஸ்டனுக்கே போ, நானே வண்டி ஓட்டி வந்து பாஸை இறக்கி வைக்கிறேன். குறையாவிட்டால் டென்டன். அதுதான் என் பதில்.

எழுதியதை அனுப்புமுன் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு. ஞாயிறு இரவு விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா