லயத்துக்குப் பின்னால் கஞ்சாச் செடி: பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலங்கையில், மீரிகமவில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கொடுத்த செய்தி 2025 ஓகஸ்டில் வந்தது. அதிலிருந்து எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இளம் பிள்ளைகள் மத்தியில் ஒரு பேச்சு ஓடுகிறது. சட்டத்தைத் தளர்த்திவிட்டார்களாம், வீட்டில் இரண்டு செடி வைத்தால் இனி யாரும் கேட்க மாட்டார்களாம். இது முழுப் பொய். இதை நம்பிச் செடி வைத்த ஒரு பையனைப் பொலிஸ் கொண்டுபோய், அவனுடைய அம்மா காதில் கிடந்ததை அடகு வைத்து வக்கீலுக்குக் கட்டியதை எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்தோம். பத்திரிகைகள் பிடிபட்ட செய்தியை நாலு வரியில் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. சட்டம் உண்மையில் என்ன, அந்தச் செடி நம்முடைய மலையில் என்ன ஆகிறது என்பதையும் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, இடையில் பல தடவை திருத்தியிருக்கிறார்கள், ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கஞ்சாச் செடியை நடுவதும் வளர்ப்பதும் கையில் வைத்திருப்பதும் குற்றம் என்பது மாறவே இல்லை. ஒரு செடி என்றாலும் குற்றம்தான், சொந்தப் பாவனைக்கு என்று சொன்னாலும் குற்றம்தான். மீரிகமத் திட்டம் என்பது முதலீட்டுச் சபை ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 64 ஏக்கர் காணியில் கொடுத்த அனுமதி, விளைவது ஏற்றுமதிக்கு மட்டும், உள்ளூரில் ஒரு இலை வெளியே வரக்கூடாது என்பது நிபந்தனை. அதற்கும் அப்புத்தளையில் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் பெயின்ட் வாளியில் நிற்கிற செடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"ஐ.நா.வே விட்டுவிட்டதே" என்றும் சிலர் சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் வியன்னாவில் நடந்த வாக்கெடுப்பில், 27க்கு 25 என்று, 1961ஆம் ஆண்டு போதைப்பொருள் உடன்படிக்கையின் நான்காவது அட்டவணையிலிருந்து, அதாவது மிகக் கடுமையான பட்டியலிலிருந்து, கஞ்சாவை எடுத்தார்கள். ஆனால் கட்டுப்பாட்டுக்குட்பட்ட போதைப்பொருள்களின் முதலாவது அட்டவணையில் அது இன்றும் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக்கு வழி கொஞ்சம் இலேசானது, அவ்வளவுதான். தாய்லாந்தைக் காட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், 2022இல் திறந்துவிட்ட அந்த நாடே 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கிவிட்டது.

சரி, இனி செடி. நான் தேயிலைத் தோட்டத்தில் நாற்று மேடைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது வீட்டைச் சுற்றி மரக்கறி வைக்கிறேன். செடியைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள். கொஞ்ச காலத்துக்கு முன்னால் ஒரு பையன் போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஐயா, பூ உள்ளுக்குள்ளே கறுக்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டான். தக்காளி என்று நினைத்துத்தான் வாங்கிப் பார்த்தேன். கஞ்சாப் பூங்கொத்து. வெளியே பச்சையாக, பிசின் மினுங்க, பார்க்க ஒரு குறையும் இல்லை. நடுவில் ஒரேயொரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி வாடி நின்றது. அதைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அடுத்த படம் வந்தது. இலை அடியோடு கழன்று வந்திருந்தது, அது இருந்த இடத்தில் கொத்தின் உள்பக்கம் முழுக்கப் பழுப்பாகக் குழைந்து, மேலே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி வைக்கிற எல்லோருக்கும் இந்தச் சாம்பல் பூஞ்சணத்தைத் தெரியும், பொட்ரைட்டிஸ் என்பார்கள். ஈரமும் குளிரும் காற்றோட்டம் இல்லாத நெருக்கமும் சேர்ந்தால் அது வரும். கஞ்சாவின் பெண் பூ நெருங்கி நெருங்கி அடைத்து வளர்கிற சாதி, உள்ளே ஈரம் போனால் வெளியே வராது. நம்முடைய பக்கத்தில் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வடகீழ்ப் பருவ மழை, அட்டன் மஸ்கெலியாப் பக்கம் வைகாசியிலிருந்து தென்மேற்கு மழை, மற்ற நாட்களிலும் பின்னேரம் ஆனால் மூட்டம் இறங்கிவிடும். ஊவாவில் கச்சான் காற்று அடிக்கிற ஆடி ஆவணியை விட்டால் அந்தப் பூ காய்ந்து நிற்க நாளே கிடையாது. அந்தப் பயிர் இந்த நாட்டில் மொனராகலை, தணமல்விலப் பக்கத்துக் காட்டுச் சேனைகளில்தான் காலங்காலமாக விளைகிறது, அங்கேயுள்ள வெயிலும் வறட்சியும் வேறு.

இன்னொன்று பகல் நீளம். பையன்கள் பார்க்கிற வீடியோக்கள் எல்லாம் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்தவை. அங்கே கோடையில் பகல் 15, 16 மணித்தியாலம். செடி அந்த நீண்ட பகலில் மாதக்கணக்காக உடம்பு வைத்துவிட்டு, பகல் குறுகும்போதுதான் பூக்கும். நமக்கு வருடம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம், கூடினால் பன்னிரண்டரை, குறைந்தால் பதினொன்றேமுக்கால். அந்தக் குளிர் நாட்டு வகைகளின் கணக்கில் இது எப்போதுமே பூக்கிற காலம். அதனால் செடி முழங்கால் உயரத்திலேயே பூத்து நின்றுவிடும், ஆண் செடி ஒன்று பக்கத்தில் இருந்தால் கொத்து முழுக்க விதையாகிவிடும். அதற்கு விளக்குப் போட்டு, காற்றாடி போட்டு, மின்சாரக் கட்டணம் கட்டி வளர்க்கிறவர்கள் அங்கே சட்டத்துக்கு உட்பட்டு வளர்க்கிறார்கள். கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் 2018இலிருந்து வீட்டுக்கு நாலு செடி, ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வயது வந்த ஒருவருக்கு மூன்று செடி. வீடியோவில் அந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அவர்களுக்குப் பேசத் தேவையும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற நம்முடைய பிள்ளைக்குத்தான் அது தெரியாமல் போகிறது.

அந்தப் பையன் என்னிடம் கேட்டது மருந்து. நான் சொல்லவில்லை, அடிக்காதே என்றேன், காரணத்தையும் சொன்னேன், அதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் பேசுவதில்லை. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் அடிக்கிற மென்கோசெப் மாதிரிப் பூஞ்சண மருந்துகளுக்கு, அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. கழுவிச் சமைத்துச் சாப்பிடுகிற பொருளை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. பூவைக் கழுவ முடியாது, கொளுத்தி நேரே நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள். சில பூஞ்சண மருந்துகள் சூட்டில் உடைந்து விஷ வாயுவாகவே மாறும், மைக்ளோபியூட்டனில் என்ற மருந்து எரியும்போது ஹைட்ரஜன் சயனைட்டு வரும் என்பது தெரிந்த விஷயம். மருந்தே அடிக்காமல் பூஞ்சணம் பிடித்ததை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காயவைத்தாலும் ஆபத்து குறையாது. ஈரத்தில் காய்ந்த கொத்தில் அஸ்பெர்ஜிலஸ் போன்ற பூஞ்சண வித்துகள் இருக்கும், நெஞ்சு பலவீனமானவர்களுக்கு அது உயிருக்கே வினையாகும். லயத்துக் காம்பராவில் விறகுப் புகைக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதுவும் சேர வேண்டுமா?

தாத்தா காலத்துக் கஞ்சாதானே என்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைப் பரிசோதித்ததில் போதை தருகிற டி.எச்.சி. 1995இல் 4 வீதம் அளவில் இருந்தது, 2014இல் 12 வீதம் ஆகியிருந்தது. இப்போது தேர்ந்தெடுத்து வளர்க்கிற வகைகளில் அதற்கு மேலும் போகிறது. பதினைந்து பதினாறு வயதில் தினமும் பிடிக்கத் தொடங்குகிறவர்களுக்கு மனநோய் வருகிற வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பேச்சு மாறி, தூக்கம் மாறி, வீட்டில் எல்லோரையும் சந்தேகப்படத் தொடங்கும்போது நம்முடைய ஆட்கள் முதலில் கோயிலுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். ஆஸ்பத்திரி அதற்கு அப்புறம்தான்.

வைத்தியத்துக்குக் கஞ்சா தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயுர்வேதத்தில் அதற்கு இடம் உண்டு, கஞ்சா சேர்த்துச் செய்கிற மதன மோதகம் இன்றும் கடையில் விற்கிறது, நீதிமன்றங்களில் பறிமுதலாகிற கஞ்சாவில் ஒரு பங்கு மருந்து செய்யப் போகிறது. வழக்கு முடிந்து கைக்கு வருவதற்குள் அது பழசாகி வீரியம் போய்விடுகிறது என்று வைத்தியர்கள் குறைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆங்கில மருத்துவத்திலும், போதை இல்லாத சிபிடி என்ற பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துச் செய்த எபிடியோலெக்ஸ் மருந்தை இரண்டு அரிய வகைக் குழந்தை வலிப்புக்கு அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. ஆனால் அதில் ஒவ்வொரு துளியும் அளந்தது. வீட்டு வாளியில் வளர்ந்த செடியில் எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல யாராலும் முடியாது, வலிப்புக்கார பிள்ளைக்கு இலையை அவித்துக் கொடுக்க நினைக்கிற தாய்மார் இருந்தால் தயவுசெய்து வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்குப் படம் காட்டிய அந்தப் பையனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு மனதில் நிற்பது அதுதான். அவன் ஒரு சி.ஆர். கொப்பியில் நாளுக்கு நாள் எழுதி வைத்திருந்தான், எப்போது தண்ணீர் ஊற்றினான், எத்தனையாவது கணுவில் கிளை வெடித்தது, எந்தத் திகதியில் பூவின் முதல் வெள்ளை நார் தெரிந்தது என்று. இந்தக் கவனம் நாற்று மேடையில் வருடக்கணக்காக வேலை செய்கிற சிலருக்கே கிடையாது. தேயிலை நாற்றை ஒரு இலை ஒரு கணுவாக வெட்டி நட்டு, நிழல் போட்டு, நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒன்பது பத்து மாதம் பார்த்து வளர்த்துவிடுகிற கைகள் எங்களுடையவை. அவனுக்கும் அந்தக் கை இருக்கிறது. செடி வைக்க நிலம்தான் இல்லை.

அவனிடம் செவ்வந்தியைப் பற்றிச் சொன்னேன். அதுவும் பகல் குறுகினால் பூக்கிற செடிதான், இரவில் விளக்குப் போட்டுத் தண்டை நீட்டிவிட்டு, பிறகு விளக்கை நிறுத்திப் பூக்க வைக்கிறார்கள், நுவரெலியா பண்டாரவளைப் பக்கம் கூடாரத்துக்குள் அதைச் செய்து கொழும்புக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவன் கற்று வைத்திருப்பது முழுக்க அங்கே உதவும். கூடாரத்துக் குடைமிளகாய்க்கும் ஸ்ட்ரோபெரிக்கும் உதவும். உடனே கேட்டான், "எங்கே ஐயா வைக்கிறது?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. புது வீட்டோடு கிடைக்கிற காணி 7 பேர்ச்சஸ், அதாவது 177 சதுர மீற்றர், வீடும் கக்கூஸும் படியும் போனால் மிச்சம் ஒரு கீரைப்பாத்தி. பக்கத்தில் தேயிலை செத்துக் காடாகிப்போன மலைகள் ஏக்கர் கணக்கில் கிடக்கின்றன. ஒரு குடும்பத்துக்குக் கால் ஏக்கர் குத்தகைக்குக் கொடுத்தால்கூடப் போதும், ஆனால் அதைக் கேட்கப் போனால் தோட்ட நிர்வாகம் அரசாங்கத்தைக் காட்டுகிறது, அரசாங்கம் நிர்வாகத்தைக் காட்டுகிறது. விவசாயி என்று பதிவு இல்லாததால் உர மானியமும் இல்லை, விவசாயப் போதனாசிரியர் எங்கள் லயத்துப் பக்கம் வந்து நான் பார்த்ததும் இல்லை.

நாளைக்கு இந்த ஏற்றுமதிக் கஞ்சா மலைநாட்டுக்கும் வரலாம், கூடாரம் போட்டு ஈரத்தைக் கட்டுப்படுத்துகிற பணம் உள்ள நிறுவனங்களுக்கு மூட்டம் ஒரு தடை இல்லை. அப்போதும் எங்கள் பிள்ளைகள் நாட்சம்பளத்துக்குப் பூ வெட்டுகிறவர்களாக மட்டும் நிற்கக்கூடாது. அனுமதிப்பத்திரத்தில் தோட்டத்துச் சிறு பயிர்ச்செய்கையாளருக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும் என்று எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே கேட்க வேண்டும். கேட்பார்களா என்பதை உங்கள் நிருபர்கள் அவர்களிடமே கேட்டுப் போடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு உதவி. கஞ்சாவோடு பிடிபட்ட செய்தி போடும்போதெல்லாம் அதன் கீழே மூன்று வரி சேருங்கள். வீட்டில் ஒரு செடி வைத்தாலும் குற்றம், பதிவாகிவிட்டால் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கும்போது அது வந்து நிற்கும் என்று ஒரு வரி. பழக்கத்தை விட நினைக்கிறவர்களுக்கு அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒரு வரி. பயிர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920, தமிழிலும் கேட்கலாம் என்று இன்னொரு வரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்,
அப்புத்தளை.