எங்கள் வீட்டு ஸ்கேன் டேட்டாவைத் தராமல் அலைக்கழிப்பது குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். செட்டிநாட்டில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் உட்புறத்தை லேசர் ஸ்கேன் செய்து, வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜனங்கள் உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி செய்து தருவதாக ஒப்புக்கொண்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டீர்கள். ஊர்த் திருவிழாவில் இலவசக் கண்காட்சி வைக்கத்தான் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டோம். நீங்கள் தந்ததில் இருப்பது எங்கள் வீடே இல்லை.

முகப்பில் எதிரெதிராக மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளை மூடாமலே ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். லேசர் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பியதில் சுவருக்குப் பின்னால் இல்லாத ஓர் அறை முளைத்திருக்கிறது, பார்க்க வந்தவர்கள் அதற்குள் நடந்து போகிறார்கள். துணி போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் அப்படித் தப்பாகப் பதிவான ஸ்கேன் புள்ளிகளைப் பிறகாவது அழிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமா? வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஒரே ஒரு ஆத்தங்குடிக் கல்லை (தரை டைல்ஸ்) படமெடுத்துத் தரை முழுக்க ஒட்டிவிட்டீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்கிற கல் அது, பக்கத்துக் கல்லோடு அச்சு அசலாக ஒத்துப்போகவே போகாது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் தொட்டால் குளிரும், பளபளவென்று மின்னும். உங்கள் மாதிரியில் அது வாடகை வீட்டு டிஸ்டெம்பர் சுவராக நிற்கிறது. பர்மா தேக்குத் தூணோ கருங்கல் நிறத்தில் இருக்கிறது!

சரி, தவறு நடக்கும், திருத்தித் தாருங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டோம். ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கொண்டு நேரில் வந்தால் மூல டேட்டாவைத் தருவதாகச் சொன்னதே உங்கள் அலுவலகம்தான். அதை நம்பி ராத்திரி பஸ் பிடித்து, அப்பத்தா காலத்துப் போட்டோ ஆல்பங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சுமந்துகொண்டு சென்னைக்கு வந்தேன். மத்தியானம் வரை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் வந்த ஒருவர் நின்றபடியே "டேட்டா எல்லாம் கம்பெனி சொத்து சார், தர முடியாது" என்றார். ஆல்பத்தைத் திறந்து காட்டினேன். ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் "உங்க வீடு என்ன தாஜ்மஹாலா? யார் சார் டைல்ஸை உத்துப் பார்க்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பாட்டையா ரங்கூனில் உழைத்து, தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து எழுப்பிய வீடு ஐயா அது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அது சும்மா இல்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும், ஸ்கேன் செய்ய வந்த அன்றே சொல்லியிருந்தோம். பாகப் பிரிவினையில் வீட்டின் ரெண்டாங்கட்டு (வளவுக்குப் பின்னால் உள்ள பகுதி) கைமாறிப் போய், இப்போது அதைப் பிரித்துத் தூண், நிலை, கதவு எல்லாம் விற்றாகிவிட்டது. மறுபடி ஸ்கேன் செய்ய அங்கே ஒன்றுமில்லை. உங்கள் சர்வரில் கிடப்பதுதான் மிச்சம். அதுவும் போனால் எங்கள் குடும்பத்தின் நூறு வருஷமே அழிந்த மாதிரிதான். எத்தனை கோடி கொடுத்தாலும் அதை ஈடுகட்ட உங்களால் முடியாது.

திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றோம். மலேசியாவிலிருந்து வந்த ஒரு ஆச்சி, தான் பிறந்த அறையைத் தேடிவிட்டு வி.ஆர். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதையும் உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாகப் போகிற பதில்தான் வந்தது.

உங்கள் ஆட்களில் நல்லவர்களும் உண்டு, ஸ்கேன் எடுக்க வந்த தம்பிகள் வெயிலில் நன்றாகவே உழைத்தார்கள். அதனால்தான் இன்னும் ஒரு வாய்ப்புத் தருகிறேன். மூல ஸ்கேன் கோப்புகள், எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் குறைக்காமல் 15 நாளைக்குள் எங்களிடம் தர வேண்டும். வளவையும் முகப்பையும் கட்டணமில்லாமல் திருத்தித் தர வேண்டும். அந்த நபர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்வேன், அப்புறம் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இனி சென்னைக்கு அலையப் போவது நான் இல்லை. ஒப்பந்த நகலும் ரசீதுகளும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

டேட்டாவை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பங்காளிகள் சார்பில்