பீலிக்கரைப் புதர்களை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளில் ஓடையோரங்களிலும், மலைநீர் வழிந்துவிழும் பீலிகளின் கரைகளிலும் எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகள், துப்புரவு என்ற பெயரிலும் மரக்கறிப் பாத்திகளுக்காகவும் வெட்டப்படுவது குறித்து எழுதுகிறேன்.

இதைச் சுட்டிக்காட்டினால், குருவிகள் முன்போலவே வருகின்றனவே என்ற பதில் கிடைக்கிறது. அவ்வாறு சொல்வோர் காண்பது பெரும்பாலும் இலங்கை வெள்ளைக்கண்ணியைத்தான். கண்ணைச் சுற்றி வெண்வளையம் கொண்ட அச்சிறு பறவை, பூச்சி, பழம், பூந்தேன் என எதையும் உண்டு, கூட்டமாக மரத்துக்கு மரம் தாவி, வீட்டுத் தோட்டங்களிலும் பிழைத்துக்கொள்ளும்.

புதர்க் கதிர்க்குருவியின் நிலை அதுவன்று. உலகில் இலங்கையின் மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத இக்கபில நிறப் பாடும் பறவை, நெலுச் செடியும் சிறுமூங்கிலும் நெருங்கி வளர்ந்த அடிக்காட்டுக்குள், தரையை ஒட்டியே பூச்சி தேடி வாழ்கிறது. அதிக தூரம் பறக்கும் இயல்பும் அதற்கில்லை. ஆண்பறவை பாடுவதற்காகப் புதரின் மேற்கிளைக்கு ஏறும் சில நிமிடங்களில்தான் அதன் சிவந்த கண்ணைக் காண வாய்க்கும். மூடுபனி இருந்தால் அதுவும் இல்லை. உயர்ந்த மரங்களை விட்டுவிட்டு அடிப்புதரை மட்டும் வழித்தெடுத்தால், தெருவில் போகிறவர்களுக்கு அது காடாகவே தெரியும். ஆனால் இக்குருவிக்கு அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. அழிவை நெருங்கக்கூடிய இனமாக சர்வதேசப் பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ள இப்பறவை, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மறைந்தாலும் எவருக்கும் தெரியவராது.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவை பெரிய காரியங்களே. ஆயினும் அந்த எல்லைகளுக்கு வெளியே, தேயிலை மலைகளுக்கு நடுவே கிடக்கும் துண்டு நிலங்களுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை.

ஆகவே தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் ஓடையின் இரு கரையிலும் வெட்டக்கூடாத பகுதியை அடையாளமிட்டு, மரங்களோடு அடிப்புதரையும் அதில் சேர்க்க வேண்டும். துப்புரவு வேலைக்கு ஆட்களை அனுப்பும் முன்னரே அந்த எல்லையை அவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நானுஓயா.