இருங்காட்டுக்கோட்டையில் கைகொடுத்தவர்களுக்கு எங்கள் அணியின் நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

தேசிய மோட்டார் சைக்கிள் பந்தய சாம்பியன்ஷிப்பில், சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நடந்த சுற்றில் எங்கள் 165 சிசி வண்டி சனிக்கிழமைப் பந்தயத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தையும் முழுதாக ஓடி முடித்தது. எங்களுடையது கம்பெனி அணி அல்ல. கைக்காசும் நண்பர்கள் கொடுத்த பணமும்தான். ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால் யார் என்ன செய்தார் என்பது வெளியே தெரியாமலே போய்விடும். ஆகவே அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை.

முதல் நன்றி, ஓடுதள ஓரம் நின்று கொடி காட்டிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல்களுக்கு. 3.717 கிலோமீட்டர் ஓடுதளம், 12 வளைவுகள். காலை வெயில் ஏறும் முன்பே அவரவர் இடத்தில் நின்று, கடைசிப் பந்தயம் முடியும்வரை நகராதவர்கள் அவர்கள். சனிக்கிழமை, பந்தயத்தில் நிற்கும் வரிசையை முடிவுசெய்யும் குவாலிஃபையிங் ஓட்டத்தில் எங்கள் ரைடர் ஓர் இடது வளைவில் சறுக்கி விழுந்தார். இந்த ஓடுதளத்தில் கடிகார முள் திசையில் ஓட வேண்டும், வலது வளைவுகள்தான் அதிகம். ஆகவே டயரின் வலது தோள், அதாவது வலது ஓரப் பகுதிதான் அதிகம் உழைக்கும். இடது தோள் ஆறிப்போயிருக்கும்போது வண்டியைச் சட்டென்று சாய்த்தால் பிடி விட்டுவிடும். வண்டி சறுக்கி நிற்பதற்குள்ளாகவே அங்கே மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் வருபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், அந்தப் பகுதியில் யாரையும் முந்தக்கூடாது என்பது அதன் பொருள். அந்தக் கொடி இரண்டு விநாடி தாமதித்தாலும் அடுத்து வரும் வண்டி விழுந்த ரைடர்மேல் ஏறிவிடக்கூடும்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததையும் எழுத வேண்டும். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் விசிலோடு, வரும் வண்டிகளைப் பார்த்தபடியே நின்றார். கடைசிவரை அந்தப் பக்கம் முதுகு காட்டவே இல்லை. மற்றவர் முதலில் கில் ஸ்விட்சால் எஞ்சினை நிறுத்தினார், டேங்க் மூடியருகே பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்தார், அதன்பிறகுதான் வண்டியை நிமிர்த்தினார். ரைடரை உடனே எழுப்பவில்லை. படுத்த நிலையிலேயே கைவிரல், கால்விரல் அசைக்கச் சொல்லி, கழுத்தில் வலி இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை ஹெல்மெட்டில் யாரும் கை வைக்கவில்லை. வண்டி ஓரம் போனதும் ஒருவர் தார்மீது குனிந்து, ஏதாவது சிந்தி வழுக்குகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று பந்தயங்களில் கண்டிப்பு காட்டுவது இதற்காகத்தான்: தண்ணீர் சிந்தினால் வெயிலில் காய்ந்துவிடும், கிளைகால் என்ற ரசாயனம் கலந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எளிதில் காயாது, வழவழப்பு அப்படியே நிற்கும். எஞ்சின் ஆயில் என்றால் இன்னும் மோசம். சிமென்ட் பொடி தூவி, துடைப்பத்தால் தேய்த்து, வாரி எடுத்த பிறகும் அந்த இடத்தில் ‘தடம் வழுக்கும்’ என்று எச்சரிக்கும், சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் கொடி காட்ட வேண்டியிருக்கும்.

அணிகள் வண்டியைச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்கு வண்டி திரும்பியபோது இடப்பக்கக் கிளிப்-ஆன் (முன் ஃபோர்க் குழாயில் தனியாகப் பூட்டும் கைப்பிடி) வளைந்திருந்தது. கியர் லீவர் மடங்கியிருந்தது. ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டைப் பிடிக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் தலை அறுந்து, தண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை புரண்டு எழுந்ததால் முன் பிரேக் லீவர் பஞ்சாக இறங்கியது. பந்தயத்துக்குச் சில மணி நேரம்தான் இருந்தது.

கிளிப்-ஆன் கொடுத்தது பக்கத்து பிட்டில் இருந்த அணி. அவர்கள் ரைடரும் எங்கள் ரைடரும் ஒரே பிரிவில் போட்டி போடுகிறவர்கள். கேட்பதற்கு முன்பே எடுத்து வந்து, ஃபோர்க் குழாயின் விட்டம் சரியாக இருக்கிறதா என்று வெர்னியர் வைத்து அளந்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார்கள். அரை மில்லிமீட்டர் தளர்வாக இருந்தாலும் முழு பிரேக்கில் கிளிப்-ஆன் சுழன்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அணிக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

அறுந்த போல்ட்டை எடுத்துக் கொடுத்தவர் ஸ்ரீபெரும்புதூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். கடையைப் பாதியில் விட்டு, பேட்டரி டிரில்லோடு பைக்கில் வந்து சேர்ந்தார். இந்த வேலையைப் பலரும் எப்படிக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றால், நடுப்புள்ளி பார்க்காமல் டிரில் போடுவார்கள். டிரில் முனை ஓரமாக ஓடி அலுமினியத்தில் உள்ள மரையைத் தின்றுவிடும். இல்லையென்றால் அவசரத்தில், அறுந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கருவியை முறுக்குவார்கள். அது உள்ளே ஒடிந்தால் கதை முடிந்தது, அந்த எஃகை எந்தச் சாதாரண டிரில்லும் துளைக்காது. அண்ணன் முதலில் அறுந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, சென்டர் பஞ்ச் அடித்து, 3 மில்லிமீட்டரில் வழித்துளை போட்டார். ஹாட் ஏர் கன்னால் சுற்றியிருந்த அலுமினியத்தைச் சூடாக்கினார். அதன்பின் இடப்பக்கம் சுழலும் 5 மில்லிமீட்டர் டிரில் முனையை மெதுவாக ஓட்டினார். தலை அறுந்த போல்ட்டில் இறுக்கம் இருக்காது. ஆகவே எதிர்த்திசையில் டிரில் பிடித்து இழுக்கும்போது தண்டு தானே கழன்று வந்துவிடும். வந்தது. மரையை 8-க்கு 1.25 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுச் சுத்தம் செய்து, புது போல்ட் தானே தளராமலிருக்க நீல லாக்டைட் பசை ஒரு துளி வைத்து மாட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நல்ல லேத்காரர் ஒருவரின் தொடர்பு எண் இல்லாமல் எந்தத் தனியார் அணியும் பந்தயத்துக்குப் போகக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிரேக்கையும் ஃபோர்க்கையும் பார்த்துக்கொண்டவர் எங்கள் மெக்கானிக் தம்பி. வண்டி தலைகீழாகும்போது பிரேக் ஆயில் கப்பில் உள்ள காற்று, லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் போய்விடும். கீழே சக்கரத்தருகே பிரேக் பிடிக்கும் கேலிப்பரில் மட்டும் பிளீட் செய்தால், அதாவது காற்றை வெளியேற்றினால், அது வராது. காற்று மேலே நிற்கும் பொருள், மேலேயே நின்றுவிடும். அவர் மாஸ்டர் சிலிண்டரை மட்டமாகத் திருப்பி, ஹோஸ் இணையும் பேன்ஜோ போல்ட்டைத் துணி சுற்றிக் கொஞ்சம் தளர்த்தி, முதலில் அங்கே காற்றை வெளியேற்றினார். பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பிரேக் ஹோஸைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்து, கடைசியாகக் கேலிப்பரில் பிளீட் செய்தார். லீவர் கல்லாக நின்றது. ஹேண்டில் ஒரு பக்கமாகவும் சக்கரம் ஒரு பக்கமாகவும் நின்றதற்கு, கீழ்க் கிளாம்ப் போல்ட்டுகளையும் ஆக்ஸில் பிடிப்பு போல்ட்டையும் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி, டார்க் ரெஞ்சால் இறுக்கினார். நேரானது. அதன்பிறகும் கோணல் இருந்திருந்தால் குழாயே வளைந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த வண்டியை ஓட விட்டிருக்க மாட்டோம்.

விழுந்த வண்டி, பாதுகாப்புச் சோதனையான ஸ்க்ரூட்டினிக்கு மறுபடி போகாமல் தடத்தில் இறங்க முடியாது. சோதனை அதிகாரிகளைத் தொந்தரவாக நினைக்கும் இளைஞர்கள் சிலர் உண்டு. அவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்கட்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, லீவருக்கும் ஃபேரிங் என்னும் வெளிக்கூட்டுக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லாவிட்டால் விழும்போது விரல் நசுங்கும். லீவர் நுனியில் உள்ள உருண்டை முழுதாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். உடைந்த கூர்நுனி கத்தியாகிவிடும். திராட்டிலை (ஆக்ஸிலரேட்டர்) திருகி விட்டால் தானே மூடுகிறதா, உள்ளே மணல் கரகரக்கிறதா என்று காது வைத்துக் கேட்டார்கள். ஆயில் டிரெய்ன் போல்ட்டின் சேஃப்டி வயர் இறுகும் திசையில் இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வயர் கட்டியிருந்தால் மட்டும் போதாது. தளரும் திசையில் கட்டிய வயர் அலங்காரத்துக்குத்தான் ஆகும். ஆயிலைத் தாங்கும் அடித்தட்டில் விரிசல் இல்லை என்று உறுதியான பிறகே புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஐயாமார்களுக்கு நன்றி.

மருத்துவ மையத்தில் இருந்த டாக்டரம்மாவுக்குத் தனியாக நன்றி. ரைடர் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொன்னார். ரைடர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டர் அதை ஏற்கவில்லை. கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டில் ஒரு குழி விழுமே, அந்தக் குழியை அழுத்திப் பார்த்தார். கை ஊன்றி விழுபவர்களுக்கு அதற்கடியில் உள்ள ஸ்கேஃபாய்டு எலும்பு உடையலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து சேராமலே நின்றுவிடலாம். வலி இல்லை என்று உறுதியான பிறகு, தலையில் அடி பட்டதா என்று நினைவாற்றல் கேள்விகளும் ஒற்றைக் காலில் நிற்கும் சோதனையும் வைத்துத்தான் அனுமதி கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள் மணிக்கட்டு வலித்தால் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார்.

தோல் உடையின் முழங்கைப் பகுதி தேய்ந்திருந்தது, ஆனால் தையல் விடவில்லை. அதற்குக் காரணம் ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கும் நண்பர். சீசனுக்கு முன்பே அந்த உடையைப் பிரித்து, முழங்கையிலும் இடுப்பிலும் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத்தோல் வைத்து, வெளியே தெரியும் தையலுக்கு உள்ளே இன்னொரு மறைதையல் போட்டுக் கொடுத்திருந்தார். தாரில் தேயும்போது முதலில் அறுவது வெளிநூல்தான். உள்தையல் இருந்தால் உடை பிளக்காது.

ஞாயிற்றுக்கிழமை காற்று திசை மாறி, நேர்ச்சாலையின் பாதியிலேயே ஆறாவது கியரில் எஞ்சின் தன் சுழற்சி வரம்பை (லிமிட்டர்) தொட ஆரம்பித்தது. செயின் ஓடும் பல்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டில் முன்னால் 14, பின்னால் 48 பல் வைத்து ஓடிய வண்டிக்குப் பின்னால் ஒரு பல் குறைத்தால் சுமார் 2 சதவீதம் மாற்றம். முன்னால் ஒரு பல் மாற்றினால் 7 சதவீதம், அது ரொம்ப அதிகம். எங்களிடம் 47 பல் ஸ்ப்ராக்கெட் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அணி தங்கள் பெட்டியைத் திறந்து காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னது. டயர் பகுதியில் இருந்தவர் கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுக் காற்று அடித்தார். டயர் 30 டிகிரி சூடேறினாலே காற்றழுத்தம் சுமார் 4 பிஎஸ்ஐ ஏறும், உள்ளே ஈரம் இருந்தால் இன்னும் கூடும். நேரம் குறிப்பவர்கள், லேப் நேரத்தைப் பதிவுசெய்ய வண்டியில் மாட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் பட்டி தளர்ந்திருப்பதை, பந்தயம் தொடங்கும் இடத்துக்குப் போகும் முன்பே சொன்னார்கள். அது கழன்று விழுந்தால் லேப் நேரமே பதிவாகாது.

வண்டியை ஏற்றி வந்த குட்டி யானை ஓட்டுநர், பட்டையைக் கிளிப்-ஆனில் மாட்டாமல் கீழ்க் கிளாம்பில்தான் மாட்டுவார். ஃபோர்க்கை முழுக்க அமுக்கிக் கட்டினால் ஆயில் சீல் கெடலாம் என்று அவருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. காலையில் இட்லி, மதியம் தயிர்சாதம், இடையிடையே உப்பு போட்ட நீர்மோர் என்று கொடுத்துக்கொண்டே இருந்த அக்கா, பந்தயத்துக்கு முன்பும் பின்பும் ரைடரை எடை பார்க்க வைத்தார். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது, அதைக் குடித்து முடித்த பிறகுதான் விட்டார். சென்னை வெயிலில் தோல் உடைக்குள் இருப்பவருக்கு அந்தக் கணக்கு மருந்து மாதிரி.

1953-லிருந்து பந்தயம் நடத்திவரும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கும், முன்பு பந்தயம் நடந்த சோழவரம் விமான ஓடுதளக் காலத்திலிருந்து மார்ஷலாக நின்றுவரும் மூத்தவர்களுக்கும் வணக்கம் கலந்த நன்றி. மார்ஷல் வேலைக்கு ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. பந்தயம் பிடிக்கும், வண்டி வாங்க வசதி இல்லை என்று எங்களிடம் கேட்கும் தம்பி, தங்கைகளே, கிளப்பில் பேசுங்கள், பயிற்சி கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். ஓடுதளத்துக்கு அவ்வளவு அருகில் நின்று பார்க்க வேறு வழி இல்லை.

கடைசியாக, இரவல் வாங்கிய பொருள்கள். கோவை அணியின் 47 பல் ஸ்ப்ராக்கெட்டை மண்ணெண்ணெயில் கழுவி, பல் தேய்மானம் பார்த்து வைத்திருக்கிறோம், கூரியரில் வருகிறது. பக்கத்து பிட் அணிக்குப் பழைய கிளிப்-ஆனைத் திருப்பித் தரமாட்டோம், புது ஜோடி ஆர்டர் செய்தாகிவிட்டது. எங்கள் பெட்டியில் மூன்று 10-12 ஸ்பானர்களும் ஒரு டயர் கேஜும் கூடுதலாக இருக்கின்றன. யாருடையது என்று சொன்னால் அடுத்த சுற்றுக்கு எடுத்து வருகிறோம்.

நன்றியுடன்,
165 சிசி பிரிவில் ஓடிய தனியார் அணியினர்