முறைப்பாடு: தார் போடாத கிறவல் வீதியில் ஓடும் காருக்கென்று கேட்டும் பொருந்தாத ஸ்பிரிங் விற்றமை தொடர்பாக

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் திருகோணமலை முகவர் ஊடாக எனது கொரோலா 121 காருக்குப் பொருத்தப்பட்ட ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷொக் அப்சோபர் (ஷொக்) தொகுதி பற்றி உங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே எல்லா வழியிலும் அறிவித்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னேன். மின்னஞ்சல் எழுதினேன். வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். நேரிலும் வந்தேன். ஒவ்வொருவரும் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் வேறொருவருக்கு இணைப்பை மாற்றுகிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. அதனால்தான் இந்தத் தடவை பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

எந்தத் தொகுதி என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்தச் சாம்பல் நிற ஸ்பிரிங்கும் அதனுடன் வரும் காஸ் ஷொக்கும்தான். உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியும். அந்த ஸ்பிரிங் எவ்வளவு குட்டை, எவ்வளவு இறுக்கம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே அதை எனக்கு விற்றீர்கள் என்பதுதான் எனது முறைப்பாடு.

நான் மூதூர் கல்வி வலயத்தில் ஆசிரிய ஆலோசகராக இருக்கிறேன். வீடு திருகோணமலை நகரில். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்ட பிறகு ஏ15 வீதியால் மூதூர் போவதில் எந்தச் சிரமமும் இல்லை. பிரதான வீதியை விட்டு இறங்கிய பிறகுதான் காருக்கு வேலை. ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வயலோரமாகவும் குளக்கட்டு ஓரமாகவும் போகும் கிறவல் வீதிகள் கோடையில் அலை அலையாகத் திரைந்து கிடக்கும். மார்கழி மழையில் குன்றும் குழியுமாகிவிடும். பின் ஆசனம் நிறையப் புத்தகக் கட்டுகளோடு அந்த வீதிகளில்தான் நான் ஓடுகிறேன். இதையெல்லாம் முகவரிடம் விவரமாகச் சொன்னேன். படிவத்தில் ‘பாவனை’ என்ற இடத்தில் ‘கிறவல் வீதி, பின்னால் பாரம்’ என்று அவர் தன் கையாலேயே எழுதினார். அதன் பிரதியை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அந்த ஒரு வரியை மட்டுமாவது வாசியுங்கள்.

எனக்குத் தேவைப்பட்டது என்ன? காரின் உயரம் குறையாமல், சில்லு மேலும் கீழும் போய்வரும் தூரம் குறையாமல், கம்பனி ஸ்பிரிங்கை ஒத்த அல்லது அதைவிடச் சற்றே கனமான ஸ்பிரிங்கும், அதை அடக்கத் தக்க நல்ல ஷொக்கும். நீங்கள் கொடுத்தது நெடுஞ்சாலையில் வளைவெடுக்கும்போது கார் சாயாமல் இருக்கச் செய்யப்பட்ட தாழ்வான தொகுதி. வழவழப்பாகத் தார் போட்ட காப்பெற் வீதியில் அது சிறப்பாக இருக்கலாம். கிறவலில் இறுகிய ஸ்பிரிங் சின்னக் குழியைக்கூட விழுங்குவதில்லை. சில்லு நிலத்தை விட்டு எழும்புகிறது, ஸ்டியரிங் கையில் நிற்பதில்லை. உரலில் போட்ட நெல்லாக நானும் என் அம்மாவும் இடிபடுகிறோம். அம்மாவுக்கு ஏற்கெனவே முதுகு வருத்தம். இந்த ஸ்பிரிங் போட்ட பிறகு அவர் என்னோடு காரில் ஏறப் பயப்படுகிறார்.

பொருத்திய மறுநாளே அளந்து பார்த்தேன். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை, முன்பிருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் குறைவு. காப்பெற் வீதிக்கென்று கேட்டதாக உங்கள் ஆட்கள் நினைத்துவிட்டார்களோ தெரியாது என்று அப்போதுகூட நான் பொறுமையாகத்தான் பேசினேன்.

பிறகு எங்கள் நகரின் அநுராதபுரச் சந்திக்கு அருகில் உள்ள கராஜில் ஓர் அனுபவமான மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் முன் ஷொக்கின் தூசு உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டியை இறுக்கிக் கட்டினார். ‘டீச்சர், வழமையாகப் போகும் வீதியில் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்’ என்றார். போய் வந்து பார்த்தால் அந்தப் பட்டி, தண்டின் உச்சியில் இருக்கும் இறப்பர் தடுப்பில் போய் நசுங்கிக் கிடந்தது. அதாவது ஷொக் தன் முழுத் தூரத்தையும் ஓடி முடித்து, தடுப்பிலே போய் இடித்திருக்கிறது. அந்தப் படத்தையும் அனுப்பினேன். இன்றுவரை ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் சேவையில் தமிழில் பேசுபவர். தமிழில் பேசுகிறாரே, எங்கள் நிலைமை விளங்கும் என்று நம்பிப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘மிஸ், உங்கள் ஊர் வீதிக்கு உழவு இயந்திரம்தான் சரி, கார் எதற்கு?’ என்றார். பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாக ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள் ஐயா. எங்கள் வீதி மோசம் என்பது எங்களுக்குத் தெரியாதா? அதற்காகத்தானே உங்களிடம் வந்தோம்! அந்த வீதியால்தான் எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். அதைச் சொல்லிச் சிரிக்க உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் உரிமை கிடையாது. அந்த ஒரு வசனத்துக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்வரை நான் விடப்போவதில்லை.

உத்தரவாதம் பற்றிக் கேட்டபோது ‘கரடுமுரடான வீதியில் பாவித்தால் உத்தரவாதம் இல்லை’ என்று பதில் வந்தது. கரடுமுரடான வீதிக்கென்று எழுதி விற்றுவிட்டு அதே காரணத்தால் உத்தரவாதம் இல்லை என்றால், இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

கொழும்புக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னதை மறக்கவே முடியாது. சனிக்கிழமை வாருங்கள், பரிசோதிப்போம் என்றீர்கள். விடியற்காலையில் புறப்பட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டி வந்தேன். மருத்துவரையும் பார்த்துவிடலாம் என்று அம்மாவையும் கூட்டி வந்தேன். வாசலில் நின்ற இளைஞர், உத்தரவாதப் பரிசோதகர் சனிக்கிழமைகளில் வருவதில்லை என்றார். காரைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. வாகன இலக்கத்தைக் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு, ‘அறிவிக்கிறோம்’ என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு உட்காரக் கதிரை கொடுத்தவர் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் மட்டும்தான். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை இல்லை.

சேதத்தைச் சொல்கிறேன். முன் டயர் இரண்டும் உட்பக்கம் நூல் தெரியத் தேய்ந்துவிட்டன. உயரம் குறைந்தால் சில்லின் சாய்வு மாறும், சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் எலைன்மென்ட் மீண்டும் செய்ய வேண்டும் என்பது கராஜில் வேலை பழகும் பையனுக்கும் தெரியும். உங்கள் முகவர் செய்யவில்லை. சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் இறப்பர் புஷ் கிழிந்துவிட்டது. ஷொக்கின் மேல் மவுண்ட் தட்டுகிறது. எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டு கல்லில் உரசிய தடம் இருக்கிறது. மொத்தத்தில் என் காரை அழித்துவிட்டீர்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய காருக்கே என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். 2025 இல் அனுமதித்தார்கள்தான். அந்த வரியைக் கட்டிப் புதுக் கார் வாங்க ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் ஏழு பிறவி எடுத்தாலும் முடியாது.

கடைசியாக நீங்கள் சொன்ன தீர்வு, ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் என்ற இடைத்துண்டைப் போட்டு உயர்த்தித் தருவது. மன்னிக்கவும், எனக்கு வேண்டாம். ஸ்பேசர் காரின் உடலைத்தான் உயர்த்தும். ஸ்பிரிங்கின் இறுக்கம் அப்படியே இருக்கும், குட்டை ஷொக்கின் ஓட்டமும் கூடாது. ஒரு பிழையின் மேல் இன்னொரு பிழையை ஏற்றி, அதற்கும் பணம் கேட்கிறீர்கள்.

என் பழைய ஸ்பிரிங்குகள் எங்கே? கழற்றியவற்றைத் தாருங்கள் என்று கேட்டபோது ‘பழைய இரும்பு’ என்று சொல்லி முகவர் வைத்துக்கொண்டார். ஷொக்தான் எண்ணெய் கசிந்தது. ஸ்பிரிங்கில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அவை என் சொத்து.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். தொகுதிக்கும் பொருத்தும் கூலிக்கும் கட்டிய முழுப் பணம், இரண்டு முன் டயர், புஷ், மவுண்ட் ஆகியவற்றின் செலவு, கொழும்புக்கு வந்துபோன பெற்றோல் செலவு, என் பழைய ஸ்பிரிங் நான்கும். பழையவை இல்லையென்றால் அதே தரத்தில் வேறு வேண்டும். எலைன்மென்ட் திருகோணமலையிலேயே செய்து தர வேண்டும். இனிமேல் கொழும்புக்கு வரமாட்டேன்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதை நான் அறிவேன். ‘அடுத்த கிழமை, அடுத்த கிழமை’ என்று உங்கள் ஆட்கள் இழுப்பது அந்தக் காலம் கடந்துபோகட்டும் என்பதற்காகவோ என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. காலம் இன்னும் கடக்கவில்லை. முறைப்பாட்டை எழுதி வைத்திருக்கிறேன். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் என்னிடம் இருக்கிறது. தேவைப்பட்டால் மத்தியஸ்த சபைக்கும், அதற்கு மேல் நீதிமன்றத்துக்கும் போவேன். எங்கள் வலயத்தில் கார் வைத்திருக்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் உங்கள் பெயரைச் சொல்வேன்.

அதுவரை போக வேண்டாம் என்றே விரும்புகிறேன். இக்கடிதம் கிடைத்த பதினான்கு நாட்களுக்குள், பொறுப்பான ஒருவரின் பெயரும் கையொப்பமும் உள்ள பதிலைத் தமிழில், எழுத்தில் எதிர்பார்க்கிறேன். தொலைபேசி அழைப்பைப் பதிலாக ஏற்கமாட்டேன். பற்றுச்சீட்டு, படிவம், டயர்களின் படங்கள், மெக்கானிக்கின் குறிப்பு ஆகியவற்றின் பிரதிகள் இத்துடன் உள்ளன. மூலப் பிரதிகள் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருகோணமலை.