வாகைகுளம் விமான நிலையமும் நெல்லைப் பயணிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும், நெல்லை, தென்காசி மாவட்ட மக்களுக்கும் பக்கத்தில் உள்ள விமான நிலையம் வாகைகுளத்தில் இருப்பதுதான். 1992இல் தொடங்கப்பட்ட இந்நிலையத்தின் ஓடுதளம் 1,350 மீட்டர் நீளமே இருந்ததால், பெரிய விமானங்கள் இறங்க வழியின்றி, சுழல்விசிறி பொருத்திய சிறிய ஏடிஆர் விமானங்களே நெடுங்காலம் வந்து சென்றன. இடையில் சேவையே இல்லாத ஆண்டுகளும் உண்டு; அதைப் பழைய பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, 17,340 சதுர மீட்டர் பரப்பில் எழுப்பப்பட்ட புதிய முனையத்தைக் கடந்த 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்து வைத்தார். நெரிசல் நேரத்தில் 1,350 பயணிகளைக் கையாளும் வசதி கொண்ட அக்கட்டடம் பாராட்டுக்குரியதே.

ஆனால், நெல்லையிலிருந்து அங்கு போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. இடைநில்லாப் பேருந்துகள் வாகைகுளத்தில் நிற்பதில்லை. நிற்கும் பேருந்தில் ஏறினாலும், நாற்கரச் சாலையில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியுள்ளது; முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு வாடகைக் காரை விட்டால் வேறு வழியில்லை. அந்த வாடகையோ, சில நாள்களில் விமானக் கட்டணத்தோடு போட்டி போடுகிறது.

எனவே, விமான நேரங்களையொட்டி வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாளையங்கோட்டை வழியாக முனைய வாசல் வரை அரசுப் பேருந்துகளை இயக்கவும், அதன் கால அட்டவணையை நெல்லை சந்திப்பு ரயில் நிலையத்திலும் வைக்கவும் போக்குவரத்துக் கழகம் ஆவன செய்ய வேண்டும்.

– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை